கிட்டத்துல தப்புற டிஸ்க்

ஆசிரியர் சாருக்கு வணக்கம். விளையாட்டுப் பக்கம் முழுக்க கிரிக்கெட்தானா, டிஸ்க் கோல்ஃப் (தட்டு மாதிரி இருக்குற டிஸ்க்க வீசி, செயின் தொங்குற கூடையில போடுற ஆட்டம்) பத்தியும் நாலு வரி போடுங்க சார், இங்க காட்பாடி பக்கம் பசங்க காஞ்ச பாலாத்து மணல்லயே வீசிப் பழகுறாங்க. தூரமா சூப்பரா வீசுறவன்கூட திடீர்னு பக்கத்துல இருக்குற கூடையில போட முடியாம முழிக்கிறான், உடனே புது டிஸ்க் வாங்க ஓடுறான், அது வேஸ்ட்ங்க. 10 மீட்டருக்குள்ள இருந்து போட்டா அதுக்குப் பேரு 'பட்' (putt), போட்டுட்டு பேலன்ஸ்ல நிக்காம முன்னால போகக்கூடாதுனு ரூலே இருக்கு. 3 மீட்டர்ல நின்னு, மொத்த கூடையையும் பாக்காம ஒரே ஒரு செயின் கண்ணிய மட்டும் பாத்து போடணும், நல்லா விழ ஆரம்பிச்சதும் ஒரு அடி பின்னால போகணும். எதிர்காத்து அடிச்சா டிஸ்க் மேல தூக்கும், முதுகுப்பக்கம் அடிச்சா பொத்துனு எறங்கும், அத கை கோளாறுனு நெனச்சு ஸ்டைலையே மாத்திடாதீங்கப்பா. ஏதாவது ஒரு பார்க்குல மாநகராட்சி செயின் கூடை ஒண்ணு வெச்சு குடுத்தா புண்ணியமா போகும்.

- ஒரு வாசகர், சத்துவாச்சாரி, வேலூர்