கூட்டணி மாறியவர்கள் அவர்கள், காசு கட்டியவன் நான்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

விமான நிறுவனம் ஒன்று கூட்டணி மாறுகிறது என்று உங்கள் வணிகப் பக்கத்தில் அவ்வப்போது செய்தி வருகிறது. 'கூட்டணி' என்று தலைப்பில் பார்த்ததும் தேர்தல் செய்தியோ என்று ஒரு விநாடி தோன்றும், அது வேறு. விமான நிறுவனங்கள் பல சேர்ந்து, ஒருவர் பயணிக்கு மற்றவரும் சலுகை தரச் செய்துகொள்ளும் ஏற்பாடு இது. உள்ளே படித்தால் யார் எத்தனை சதவீதப் பங்கு வாங்கினார்கள், பங்குச் சந்தை அதை எப்படி எடுத்துக்கொண்டது, தலைமை அதிகாரி என்ன சொன்னார், அவ்வளவுதான். அந்த நிறுவனம் அடிக்கடி பறப்பவர்களுக்குத் தரும் கார்டை பர்ஸில் வைத்துக்கொண்டு, அடுத்த மாதப் பயணத்துக்கு ஏற்கெனவே டிக்கெட்டும் எடுத்துவிட்டு உட்கார்ந்திருப்பவனுக்கு என்ன ஆகும் என்று ஒரு வரி இருக்காது. நான் அப்படி உட்கார்ந்திருந்தவன். அதனால்தான் இந்தக் கடிதம்.

ஆலைகளில் இயந்திரங்களைப் பொருத்திக் கொடுப்பது என் வேலை. மாதத்துக்கு இரண்டு முறையாவது பறக்க வேண்டியிருக்கும். ஒரு பெட்டியில் துணிமணி, இன்னொன்றில் கருவிகள். எட்டு வருடமாக ஒரே நிறுவனத்தில் மைல்ஸ் (பறக்கப் பறக்கக் கணக்கில் ஏறும் புள்ளிகள்) சேர்த்து கோல்டு கார்டு வைத்திருந்தேன். லவுஞ்சில் சாய்ந்து உட்கார எனக்கு நேரமே கிடைத்ததில்லை, கருவிப் பெட்டி காசில்லாமல் போகும் என்பதுதான் எனக்கு அந்தக் கார்டு. அந்த நிறுவனம் எது என்று சொல்லப்போவதில்லை, அது இந்தக் கடிதத்துக்குத் தேவையும் இல்லை. ஒருநாள் அவர்கள் கூட்டணி மாறினார்கள். மூன்று மாதத்துக்கு முன்பே அவர்களுடைய இணையதளத்திலேயே நான் எடுத்திருந்த டிக்கெட்டில், இரண்டாவது விமானம் பழைய கூட்டாளியுடையது. நான் பறக்கும் தேதி, மாற்றம் நடந்து ஆறாவது நாள்.

கவுன்ட்டரில் இருந்த பெண் கார்டை வாங்கி எண்ணைத் தட்டினார். மறுபடி தட்டினார். கார்டைத் திருப்பி மூலையில் இருந்த கூட்டணிச் சின்னத்தைப் பார்த்தார், பெருவிரலால் லேசாகத் தேய்த்தும் பார்த்தார், ஏதோ அழுக்குதான் தடுக்கிறது என்பதுபோல. அப்புறம் பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ கேட்டுவிட்டு, "போன வாரம் வந்திருந்தீங்கன்னா பிரச்சினையே இல்ல சார்" என்றார். அவர் மேல் தவறு சொல்ல மாட்டேன், பாவம், அவர் கணினியில் இருப்பதைத்தானே சொல்ல முடியும். பின்னால் வரிசையில் நிற்பவர்கள் என் கருவிப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருக்க, கார்டை உள்ளே வைத்துவிட்டுக் கிரெடிட் கார்டை எடுத்தேன்.

இதில் பலருக்கும் புரியாத விஷயம் ஒன்று உண்டு. 'கூட்டணி மைல்ஸ்' என்று எதுவும் கிடையாது. மைல்ஸ் எப்போதும் ஒரு நிறுவனத்தின் திட்டத்தில்தான் இருக்கும். ஸ்டார் அலையன்ஸ், ஒன்வேர்ல்டு, ஸ்கைடீம் ஆகிய மூன்று கூட்டணிகளும் அந்த மைல்ஸை மற்றவர்களின் விமானங்களில் செலவழிக்கவும், ஒருவர் கொடுத்த கார்டை இன்னொருவர் மதிக்கவும் செய்துகொண்ட ஏற்பாடுகள், அவ்வளவே. அதனால் நிறுவனம் கூட்டணி மாறும்போது உங்கள் கணக்கில் உள்ள எண் ஒரு புள்ளிகூடக் குறையாது. "உங்கள் மைல்ஸ் பத்திரமாக இருக்கிறது" என்று மின்னஞ்சல் வரும், அது உண்மையும்கூட. அந்த மைல்ஸை வைத்து எங்கே போகலாம் என்பது மட்டும் தலைகீழாக மாறியிருக்கும். கிணற்றைத்தான் விற்றேன், தண்ணீரை விற்கவில்லை என்று வழக்காடியவன் கதைதான் இதுவும்.

ஸ்வீடன், நார்வே, டென்மார்க் நாடுகளின் எஸ்ஏஎஸ் விமான நிறுவனத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1997-ல் ஸ்டார் அலையன்ஸைத் தொடங்கிய ஐந்து பேரில் அவர்களும் ஒருவர். லுஃப்தான்சா, யுனைடெட், ஏர் கனடா, தாய் ஏர்வேஸ் மற்ற நால்வர். 2022-ல் அமெரிக்க நீதிமன்றத்தில் திவால் பாதுகாப்பு கேட்கும் நிலைக்கு வந்தார்கள், காப்பாற்ற வந்த முதலீட்டாளர்களில் ஸ்கைடீமைச் சேர்ந்த ஏர் பிரான்ஸ்-கேஎல்எம் குழுமமும் இருந்தது, 19.9 சதவீதப் பங்கு. அதோடு கூட்டணியும் போயிற்று. 2024 ஆகஸ்ட் 31 வரை ஸ்டார் அலையன்ஸ், விடிந்தால் ஸ்கைடீம். முந்தின நாள் வரை அவர்களுடைய மைல்ஸான யூரோபோனஸ் பாயின்ட்டைக் கொடுத்து சிங்கப்பூர் ஏர்லைன்ஸிலோ ஜப்பானின் ஏஎன்ஏவிலோ போகலாம் என்று கணக்குப் போட்டுச் சேர்த்தவர், மறுநாள் கொரியன் ஏர், டெல்டா, ஏர் பிரான்ஸ் என்று வேறு பட்டியலைப் பார்க்க வேண்டும். சிலருக்கு இது லாபமாகக்கூட இருந்திருக்கும், மறுக்கவில்லை. கோல்டு கார்டுக்குப் புதிய கூட்டணியில் எலைட் பிளஸ் என்று அதே உயரத்தில் இடம் கொடுத்தார்கள். அந்த வருடக் கடைசிக்குள் ஸ்கைடீமில் 15 நிறுவனங்களில் பறந்தால் பத்து லட்சம் பாயின்ட் என்று ஒரு திருவிழாவே நடத்தினார்கள், அதற்காகவே உலகத்தைச் சுற்றியவர்களும் உண்டு. (எனக்கு அவ்வளவு விடுமுறை யார் கொடுப்பார்கள்?)

ஆனால் இதில் மறைந்துபோகிற ஆள் ஒருவர் இருக்கிறார். அவர் எஸ்ஏஎஸ் உறுப்பினரே இல்லை, வேறு ஸ்டார் அலையன்ஸ் நிறுவனத்தின் உறுப்பினர், கோபன்ஹேகனோ ஆஸ்லோவோ போய் அங்கிருந்து வடக்கே சின்ன ஊர்களுக்கு எஸ்ஏஎஸ்ஸில் போய்க்கொண்டிருந்தவர். அவருடைய நிறுவனம் எதையும் மாற்றவில்லை, அவரும் மாற்றவில்லை. ஆனாலும் அந்தக் கடைசி விமானத்தில் அவருடைய கார்டுக்கு மதிப்பு போய்விட்டது. மாறிய நிறுவனம் தன் உறுப்பினர்களுக்காவது வரவேற்பு மடல் அனுப்பும், இவருக்கு யார் அனுப்புவது?

அறிவிப்பு கொடுக்கும் லட்சணத்தையும் பாருங்கள். 2019 செப்டம்பரில் அமெரிக்காவின் டெல்டா 190 கோடி டாலர் கொடுத்து தென் அமெரிக்காவின் லாட்டாம் நிறுவனத்தில் 20 சதவீதம் வாங்குவதாக அறிவித்தது. லாட்டாம் ஒன்வேர்ல்டை விட்டு விலக ஓராண்டு ஆகும் என்று முதலில் பேச்சு இருந்தது, பிறகு அதை முன்னுக்கு இழுத்து 2020 மே 1 என்றார்கள். அந்த நேரத்தில் உலகமே வீட்டுக்குள் அடைந்து கிடந்ததால் பெரிதாகச் சத்தம் எழவில்லை. விலகியவர்கள் ஸ்கைடீமிலும் சேரவில்லை. பழைய கூட்டாளிகள் சிலரோடு தனித்தனி ஒப்பந்தம் போட்டுக்கொண்டார்கள். தனி ஒப்பந்தம் என்றால் மைல்ஸ் சேரலாம், ஆனால் கூட்டணி கார்டு தானாகத் தருகிற கூடுதல் பெட்டிக்கும் லவுஞ்சுக்கும் உத்தரவாதம் இல்லை, ஒவ்வொன்றாகத் தேடிப் படிக்க வேண்டும். 2009-ல் அமெரிக்காவின் கான்டினென்டல் நிறுவனம் ஸ்கைடீமிலிருந்து ஸ்டார் அலையன்ஸுக்குப் போனபோது, அக்டோபர் 24-ல் விலகி 27-ல்தான் சேர்ந்தார்கள். நடுவில் இரண்டு நாள் எந்த வீட்டிலும் இல்லை. அந்த இரண்டு நாளில் கவுன்ட்டரில் நின்றவர்களை அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

காரணம் ஒவ்வொரு முறையும் பணம்தான், அதில் ஒளிவுமறைவு இல்லை. இத்தாலியின் ஐடிஏ நிறுவனத்தில் லுஃப்தான்சா 41 சதவீதம் வாங்கியது, 2025-ல் அவர்கள் ஸ்கைடீமை விட்டார்கள். ஏசியானாவை கொரியன் ஏர் வாங்கியிருக்கிறது, ஒன்று ஸ்டார் அலையன்ஸ், இன்னொன்று ஸ்கைடீம், இரண்டும் ஒன்றாகும்போது யார் பக்கம் சாயும் என்று சொல்லவே வேண்டாம். வியாபாரம், சரி. வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. என் கோபம் டிக்கெட்டைப் பற்றியது.

டிக்கெட் விற்கும்போது என் உறுப்பினர் எண்ணையும் அதில் பதிந்துகொண்டுதான் விற்கிறார்கள். இரண்டு பெட்டி இலவசம் என்பதைப் பார்த்துத்தான் நான் வாங்குகிறேன், இல்லையென்றால் அதைவிட மலிவான டிக்கெட் அதே திரையில் கீழே இருந்தது. மைல்ஸ் கொடுத்து ஏற்கெனவே எடுத்த இலவச டிக்கெட்டுகளைப் பெரும்பாலும் மாற்றத்துக்குப் பிறகும் மதிக்கிறார்கள் (தேதி மாற்ற மட்டும் கேட்டுவிடாதீர்கள், அந்தக் கதவு மூடியிருக்கும்). அப்படியென்றால் காசு கொடுத்து எடுத்த டிக்கெட்டில் கார்டின் சலுகையையும் அதேபோல மதிக்க என்ன தடை? மாற்றம் எந்த நாள் என்று அறிவிப்பதற்கு முன் வாங்கிய டிக்கெட்டுக்கு, பறக்கும் நாள் எதுவானாலும், வாங்கிய நாளின் சலுகை செல்ல வேண்டும். இது ஒன்றைத்தான் கேட்கிறேன். கணினியில் முடியாது என்பார்கள். டிக்கெட் வாங்கிய தேதி அதே கணினியில்தானே இருக்கிறது.

உங்களிடம் கேட்பது அதைவிடச் சின்னது. அடுத்த முறை இப்படி ஒரு செய்தி போடும்போது, பங்கு விவரத்துக்குக் கீழே நாலு வரி சேருங்கள்: பழைய கூட்டணி எந்த நள்ளிரவில் முடிகிறது, பழைய கூட்டாளிகளின் விமானத்தில் மைல்ஸ் கொடுத்து டிக்கெட் எடுக்கக் கடைசி நாள் எது, பறந்தும் கணக்கில் ஏறாத மைல்ஸை எதுவரை கேட்கலாம், போட்டி நிறுவனம் யாராவது நம் கார்டைப் பார்த்து அதே அளவு கார்டு தருகிறார்களா. கடைசியாகச் சொன்னதற்கு ஸ்டேட்டஸ் மேட்ச் என்று பெயர், இப்படிப்பட்ட நேரங்களில் கேட்டுப் பார்க்கலாம், ஆனால் தானாக வந்து யாரும் கொடுக்க மாட்டார்கள். எனக்கே இது மாற்றம் நடந்து நாலு மாதம் கழித்துத்தான் சக ஊழியர் சொல்லித் தெரிந்தது, அதற்குள் காலம் கடந்துவிட்டது.

அன்று கருவிப் பெட்டிக்குக் கட்டிய பணத்தின் ரசீதை இணைத்து, திருப்பித் தரும்படி இதுவரை மூன்று மின்னஞ்சல் எழுதியிருக்கிறேன். முதல் இரண்டுக்குப் பதில் இல்லை. மூன்றாவதற்கு வந்தது, பெட்டியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை, புதிய கூட்டணிக் குடும்பத்துக்கு என்னை அன்போடு வரவேற்றிருந்தார்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்