பாப்பாவின் காதில் குச்சி விடாதே

அன்புள்ள கண்ணு,

நேற்று வீடியோ காலில் பாப்பாவைக் குளிப்பாட்டித் துவட்டியதும் பஞ்சுக் குச்சியை அவள் காதுக்குள் விட்டாயே, அப்போதே சொல்லியிருக்க வேண்டும். மாப்பிள்ளை பக்கத்தில் இருந்ததால் பேசாமல் இருந்துவிட்டேன். உன்மேல் தப்பில்லை. ஞாயிற்றுக்கிழமை எண்ணெய்க் குளியல் முடிந்ததும் உன்னை மடியில் சாய்த்துக் கொண்டை ஊசியால் காது குடைந்தவள் நான்தானே. என் அம்மா எனக்கும் அப்படித்தான் செய்தாள்.

போன மாதம் எனக்கு வலது காது அடைத்துக்கொண்டது. குக்கர் விசில்கூடப் பக்கத்து வீட்டில் அடிப்பதுபோலக் கேட்டது. காது டாக்டர் கேமராவை விட்டுத் திரையில் காட்டினார். செவிப்பறையை ஒட்டிக் கறுப்பாக, புளி உருண்டை மாதிரி. "இது அங்கே தானா போகாதும்மா, நீங்க தள்ளிவிட்டதுதான்" என்றார். காதுக் குழாய் சுமார் 2.5 செ.மீ. நீளம். அதில் வாசல் பக்கத்து மூன்றில் ஒரு பங்கில்தான் குறும்பி சுரக்கிறது. உள்ளே இருக்கும் தோல் வாசலை நோக்கி, நகம் வளர்கிற மாதிரி மெதுவாக நகர்ந்துகொண்டே இருக்குமாம். குறும்பியும் அதோடு வந்து உதிர்ந்துவிடும். நாம்தான் குச்சியால் திருப்பி உள்ளே அனுப்புகிறோம்.

அதை அழுக்கு என்றே சொல்லி உன்னை வளர்த்துவிட்டேன். அந்தப் பிசுக்குதான் தண்ணீரைத் தோலில் ஊறவிடாமல் தடுக்கிறது. அதில் இருக்கும் லேசான அமிலம் கிருமியையும் பூஞ்சையையும் அண்டவிடாது. சுத்தமாக வழித்து எடுத்தால் தோல் வறண்டு அரிக்கும், அரித்தால் மறுபடி குடைவோம். பத்தாவது படிக்கும்போது கிணற்றில் குளித்து வந்தாலே உனக்குக் காதில் சீழ் வைக்குமே, தண்ணீரைத்தான் திட்டினேன். நான் குடைந்ததும் ஒரு காரணமாக இருக்குமோ என்று இப்போது மனசு அடித்துக்கொள்கிறது.

பாப்பாவுக்கு வெளி மடலை மட்டும் ஈரத்துணியால் துடை, போதும். எண்ணெய் காய்ச்சி ஊற்றாதே. செவிப்பறையில் ஓட்டை இருந்தால் அது நடுக்காதுக்குள் இறங்கிவிடும். உன் மாமியாரிடம் நான் பேசிக்கொள்கிறேன். காதைப் பிடித்துக்கொண்டு அழுதாலோ, நீர் வடிந்தாலோ உடனே டாக்டரிடம் காட்டு.

அப்புறம், நீ நாள் முழுக்க இயர்போனைச் செருகிக்கொண்டே வேலை பார்க்கிறாய். வெளியே வர வேண்டியதை அது மறிக்கிறது. அவ்வப்போது கழற்றி வை.

பொங்கலுக்கு வரும்போது பாப்பாவை என் காலில் போட்டு நானே குளிப்பாட்டுகிறேன். காதுக்குத் துண்டின் நுனி மட்டும்தான்.

அம்மா