கல்லடி ஒழுங்கைகளில் வாகனம் விடும் அயலவர்களுக்கு

அன்பான அயலவர்களே,

மட்டக்களப்புக் கல்லடியில், கடற்கரைப் பக்கமிருந்து பிரதான வீதிக்கு ஏறும் ஒழுங்கை ஒன்றில் இருபது வருடத்துக்கு மேலாகக் குடியிருக்கிறேன். எனக்கும் ஒரு கார் இருக்கிறது. கார் வாங்காதீர்கள் என்று சொல்ல வரவில்லை. இரவில் அதை எங்கே விடுகிறோம் என்பதைப் பற்றித்தான் உங்களோடு பேச வேண்டும்.

போன மாரியில் ஒரு நாள், இரவு இரண்டு மணி இருக்கும், அம்மாவுக்கு நெஞ்சடைத்தது. அம்புலன்ஸ் இலக்கமான 1990க்கு அடித்தோம். அம்புலன்ஸ் சுணங்காமல் வந்தது. ஆனால் ஒழுங்கைக்குள் பாதித் தூரம் வந்ததும் நின்றுவிட்டது. மதிலோரமாக ஒரு வான். நானும் மருமகனும் அம்மாவைப் பிளாஸ்டிக் கதிரையில் இருத்தித் தூக்கினோம். கணுக்கால் அளவு மழைத்தண்ணீர், காலடியில் குழி தெரியவில்லை. "மெதுவா மனே" என்று அந்த மூச்சுத்திணறலிலும் அம்மா எனக்குச் சொன்னார். சத்தம் கேட்டு வான்காரர் சாரத்தோடு ஓடிவந்தார். திறப்பை எடுத்துவர நேரமில்லை என்று அவருக்கே விளங்கிவிட்டது. கதிரையை மறுபக்கம் பிடித்துக்கொண்டார். அம்மா பிழைத்துக்கொண்டார். அவர் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. அந்த வானைத் தாண்டிப் பத்து யார் தூரம் உள்ளே என்னுடைய காரும் வெளியில்தான் நின்றது. வான் இல்லாவிட்டால் அம்புலன்ஸ் என் காருக்கு முன்னால் வந்து நின்றிருக்கும்.

அடுத்த கிழமை அளவு நாடா எடுத்து அளந்தேன். மதிலுக்கு மதில் பன்னிரண்டு அடி. சாதாரண ஹையேஸ் வான் ஐந்தரை அடிக்கு மேல். மதிலில் உரசாமல் இருக்க அரை அடியாவது விடுவோம். மிச்சம் ஆறடிகூட வராது. அம்புலன்சின் உடம்பு மட்டும் ஆறடிக்கு மேல், கண்ணாடிகள் வேறு. வேகன் ஆர் மாதிரிச் சின்னக் கார் என்றால் ஐந்தடிக்கு உள்ளே வரும், ஒரு பக்கம் மட்டும் நின்றால் மட்டுமட்டாகப் போகலாம். எதிர்ப்பக்கத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் நின்றாலே சரி, வழி அடைபட்டது.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. 2022இல் பெற்றோலுக்கு கியூஆர் பங்கீடு வந்து காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர் என்றிருந்த காலத்தில் எங்கள் ஒழுங்கையில் பிள்ளைகள் கிரிக்கெட் விளையாடினார்கள். 2025 பெப்ரவரியில் கார் இறக்குமதியைத் திரும்பத் திறந்துவிட்டார்கள். லீசிங்கிலும் வெளிநாட்டுக் காசிலும் வீட்டுக்கு வீடு வாகனம் வருகிறது. வரட்டும். வெயிலிலும் மழையிலும் சைக்கிள் மிதித்த சனம் நாம், கார் ஒரு வசதி. ஆனால் வளவுகளோ முன்னுக்குக் கடை, பின்னுக்கு வாடகை அறை என்று சுருங்கிவிட்டன. கராஜ் என்று கட்டியதில் அரிசி மூட்டையும் பழைய கட்டிலும் கிடக்கின்றன. கார் ஒழுங்கையில் படுக்கிறது.

இந்த ஒழுங்கைகள் எதற்கு என்று நமக்கு ஒருவர் சொல்லித்தர வேண்டியதில்லை. சுனாமி வந்த 2004 டிசம்பர் 26 காலை நம் கடற்கரையோர நாவலடி, டச்பார், திருச்செந்தூர்ப் பக்கத்துச் சனம் ஓடியது இப்படியான ஒழுங்கைகளால்தான். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவில் ஒரு பிரதான வீதி. வேறு வழி நமக்கு இல்லை. அன்று பகல், ஒழுங்கைகளில் இவ்வளவு வாகனமும் இல்லை. இரவில் எச்சரிக்கை வந்தால், இரண்டு பக்கமும் வாகனம் நிற்கும் இந்த இருட்டில், கிழவிகளையும் கைக்குழந்தைகளையும் தூக்கிக்கொண்டு எப்படி வெளியே வருவோம்? இதை யோசித்தால் எனக்குக் கை நடுங்குகிறது.

2013இல் வாவிக்கு மேலே புதுப்பாலம் திறக்கும் வரை, 1924இல் கட்டிய பழைய பாலத்தால்தான் நாம் ரவுணுக்குப் போனோம். ஒரு பக்கத்து வாகனங்கள் நின்று மறுபக்கத்துக்கு வழிவிட்டால்தான் அதில் போகலாம். பஸ்காரர் முதல் ஓட்டோக்காரர் வரை நின்றார்கள். அந்தப் பொறுமையை நான் கண்ணால் பார்த்தவன். அதனால்தான் உங்களிடம் கேட்கத் துணிந்தேன்.

நான் செய்ததைச் சொல்கிறேன். பழைய கோழிக்கூட்டைப் பிரித்தேன், மல்லிகைப் பந்தலைத் தள்ளி நட்டேன், மதிலில் மூன்றடி உடைத்துக் கேற்றை அகலமாக்கினேன். மல்லிகைக்காக மனைவி இரண்டு நாள் கதைக்கவில்லை. இப்போது கார் உள்ளே. இடமே இல்லாதவர்களும் இருக்கிறார்கள், தெரியும். வெளிநாட்டில் இருப்பவர்களின் வெறும் வளவுகள் ஒழுங்கைக்கு ஒன்றாவது பூட்டிக் கிடக்கின்றன. நாலைந்து வீட்டார் சேர்ந்து கேட்டு, துப்புரவாக்கி, மாத வாடகை கொடுத்து இரவில் வாகனம் விடலாம். வளவுக்கும் காவல். ஞாயிற்றுக்கிழமைகளில் கடற்கரைக்கு வரும் உறவுகளுக்கும் சொல்லி வையுங்கள், ஒழுங்கை வாயில் மட்டும் நிறுத்த வேண்டாம் என்று. புதிதாகக் கார் பார்க்கப் போகிறவர்கள் விலை கேட்பதற்கு முதல் கேற்றை அளந்துவிட்டுப் போங்கள்.

ஞாயிறு பின்னேரம் நாலு மணிக்கு எங்கள் ஒழுங்கை வாயில் அளவு நாடாவோடு நிற்பேன். வந்தால் ஒவ்வொரு வீடாகப் பார்ப்போம். என் வளவில் இன்னும் ஒரு சின்னக் காருக்கு இடம் இருக்கிறது. தேவையானவர் கேற்றைத் தட்டுங்கள்.

இப்படிக்கு,
கல்லடியிலிருந்து உங்கள் அயலவன்