இரவில் விழித்திருப்பவரின் சம்பளத்துக்கும் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தொண்டு நிறுவனங்களுக்குக் கொடுக்கப்படும் பணத்தில் ஒரு சதமேனும் நிர்வாகச் செலவுக்குப் போகக்கூடாது, அங்கே வேலை செய்பவர் சம்பளம் வாங்கினால் அது தொண்டே அல்ல என்று அண்மையில் தங்கள் வாசகர் பகுதியில் ஒருவர் எழுதியிருந்தார். அவர் நல்ல மனத்தோடுதான் எழுதியிருக்கிறார். ஆனால் யாழ்ப்பாணத்தில் பல நல்ல காரியங்கள் நொடித்துப்போவதற்கு இந்த எண்ணமே காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதனால் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை.

நான் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். வலிகாமத்தில் உள்ள ஒரு முதியோர் இல்லத்துக்குப் பொருளாளராக இருக்கிறேன். அந்தப் பதவிக்குச் சம்பளம் கிடையாது, எனக்கு அது தேவையும் இல்லை. எங்கள் இல்லத்தில் இரவுக் கடமை பார்க்கும் பெண்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

எங்கள் அலுவலகச் சுவரில் ஒரு பெரிய நாட்காட்டி தொங்குகிறது. யார் எந்த நாளுக்குச் சாப்பாடு கொடுக்கிறார்கள் என்பதை அதில் குறித்து வைப்போம். கனடாவில் பேரப்பிள்ளைக்கு முதலாவது பிறந்தநாள், லண்டனில் திருமணநாள், சுவிஸில் இருக்கும் மகன் தாயாருக்குச் செய்யும் ஆண்டுத் திவசம் என்று மதியச் சாப்பாட்டுக் கட்டங்கள் பெரும்பாலும் நிரம்பிவிடும். ஆடி அமாவாசைக்கும் சித்திராப் பௌர்ணமிக்கும் எங்களிடம் இடமே இருக்காது. "அக்கா, எப்படியாவது அன்றைக்கே தாருங்கள்" என்று தொலைபேசியில் மன்றாடுவார்கள். பாயசம், வடை, அப்பளத்தோடு இலை போட்டுப் பரிமாறுவோம். முதியவர்கள் மகிழ்ச்சியாகச் சாப்பிடுவார்கள். இதற்கெல்லாம் நான் மனதார நன்றி சொல்கிறேன்.

சாப்பாடு முடிந்த பிறகும் நாள் முடிவதில்லை. பாரிசவாதத்தால் படுக்கையில் கிடக்கும் ஐயா ஒருவரை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். இரவு இரண்டு மணிக்கும் புரட்ட வேண்டும், நான்கு மணிக்கும் புரட்ட வேண்டும். ஒரு கிழமை தவறினால் முதுகில் படுக்கைப் புண் வந்துவிடும். வந்த புண்ணை ஆற்றுவதற்கு மாதங்கள் ஆகும். மறதி நோய் வந்த அம்மா ஒருவர் நடுச்சாமத்தில் எழுந்து, பாடசாலைக்குப் பிள்ளைகளை அனுப்ப வேண்டும் என்று கேற்றைத் திறக்கப் போவார். அவரோடு கதைத்துக் கதைத்து, கையைப் பிடித்துக் கூட்டிவந்து படுக்க வைக்க ஒருவர் விழித்திருக்க வேண்டும். நீரிழிவுக்காரர்களுக்கு ஊசி மருந்து நேரம் தவறக்கூடாது. பம்பர்ஸ் மாற்ற வேண்டும். அதை வாங்கவும் வேண்டும், அதன் விலையைக் கடையில் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். மலசலகூடக் குழி நிரம்பினால் கழிவகற்றும் பவுசருக்குச் சொல்லிக் காசு கட்ட வேண்டும். இவற்றில் ஒன்றுக்கும் எங்கள் நாட்காட்டியில் கட்டம் கிடையாது. பவுசர் காசை அப்பாவின் நினைவாகக் கொடுக்க யாரும் முன்வருவதில்லை.

இந்த இரவு வேலையைச் செய்பவர்கள் யார் தெரியுமா? பெரும்பாலும் குடும்பத்தைத் தனியாகத் தாங்கும் பெண்கள். போரில் கணவரை இழந்தவர் இருக்கிறார், கணவர் விட்டுவிட்டுப் போனவர் இருக்கிறார். தங்கள் பிள்ளைகளை இரவில் தாயாரிடம் விட்டுவிட்டு வந்து, எங்கள் பெற்றோரைப் பார்க்கிறார்கள். அவர்களிடம் போய், "பிள்ளை, இது புண்ணியம், சம்பளத்தைப் பெரிதாக எண்ணாதே" என்று சொல்ல எனக்கு வாய் வராது. இந்த நாட்டில் தேசிய குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000 ரூபாயாகவும் 2026 ஜனவரியில் 30,000 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டது. கடைக்கும் தொழிற்சாலைக்கும் உள்ள அந்தக் கணக்கு முதியோர் இல்லத்துக்கும் உண்டு. அதற்கு மேல் தொழில் வழங்குநர் என்ற முறையில் ஊழியர் சேமலாப நிதிக்கு 12 வீதமும், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதமும் நாங்கள் கட்டுகிறோம். இதைத்தான் வாசகர் 'நிர்வாகச் செலவு' என்கிறார். எங்கள் இல்லத்தில் இதுதான் சேவை. இதை நிறுத்தினால் மிஞ்சுவது ஒரு கட்டடமும் மதியச் சாப்பாடும்தான்.

பயிற்சி பெற்ற ஒரு பராமரிப்பாளர் எங்களிடமிருந்து போனால் அவருடைய இடத்தை நிரப்புவது எவ்வளவு கடினம் என்பது வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது. யாருக்கு மருந்தைப் பொடியாக்கிக் கொடுக்க வேண்டும், யார் கோபம் வந்தால் சாப்பிட மாட்டார், மகளின் பெயரைச் சொன்னால் யார் அழுவார் என்பவை எழுத்தில் கிடையாது. அவை அந்தப் பெண்ணின் மனத்தில் இருக்கின்றன. தனியார் வைத்தியசாலையில் சில ஆயிரம் ரூபாய் கூடக் கிடைக்கிறது என்று அவர் போகும்போது, அத்தனையும் அவரோடு போய்விடுகிறது. புதியவர் வந்து பழகும்வரை முதியவர்கள்தான் அவதிப்படுகிறார்கள்.

2022இல் ரூபாய் விழுந்தபோது நடந்ததையும் சொல்ல வேண்டும். டொலர் ஒன்று 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய்வரை போனது. மாதம்தோறும் பணம் அனுப்பிக்கொண்டிருந்த சிலர், இப்போது அதே சாப்பாட்டுக்குக் குறைந்த பவுண் போதும்தானே என்று தொகையைக் குறைத்தார்கள். இங்கே பால்மா, சமையல் எரிவாயு, மருந்து, மின்கட்டணம் எல்லாம் ஏறிக்கொண்டிருந்தன. பல மருந்துகள் அரச ஆஸ்பத்திரியிலும் இல்லாமல் போய், வெளியே வாங்க வேண்டியிருந்தது. அந்த மாதங்களில் சம்பளப் பட்டியலை முன்னால் வைத்துக்கொண்டு எங்கள் நிர்வாகக் குழு உட்கார்ந்திருந்த கூட்டங்களை நான் மறக்க மாட்டேன்.

சம்பளம் வாங்கினால் தொண்டு இல்லை என்பது எங்கள் மண்ணின் பழைய வழக்கமா என்றால், அதுவும் இல்லை. 1877இல் பஞ்சம் வந்தபோது ஆறுமுக நாவலர் கஞ்சித்தொட்டி வைத்து ஏழைகளின் பசி தீர்த்தார். அதே நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் தொடங்கிய சைவப்பிரகாச வித்தியாசாலை கஞ்சியால் நடக்கவில்லை, ஆசிரியர்களால் நடந்தது. பசிக்கு ஒரு வழி, படிப்புக்கு வேறு வழி என்று அவருக்குத் தெரிந்திருந்தது. 1930களில் மூளாயில் கூட்டுறவு வைத்தியசாலை தொடங்கப்பட்டதே, அதையும் எண்ணிப் பாருங்கள். அங்கே வைத்தியரும் தாதியும் வேலை செய்யத்தான் ஊர் ஒன்றுகூடியது. மலாயாவில் உழைத்தவர்கள் அனுப்பிய பணத்தில் எங்கள் ஊர்களில் எழுந்த எத்தனையோ பாடசாலைகளிலும் படிப்பித்தவர்கள் சம்பளம் வாங்கினார்கள். அன்றைக்குக் கொடுத்தவர்கள் ஒரு நாளைக்குக் கொடுக்கவில்லை. ஒரு நிறுவனம் நடப்பதற்குக் கொடுத்தார்கள்.

இந்த அவநம்பிக்கை எங்கிருந்து வந்தது என்பதும் எனக்குத் தெரியும். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு வடமராட்சி கிழக்கில் அரசசார்பற்ற நிறுவனங்களின் வெள்ளை வாகனங்கள் வரிசையாக நின்றதைச் சனம் பார்த்தது. கூட்டம், பயிற்சிப் பட்டறை, ஹோட்டல் சாப்பாடு, பெரிய சம்பளம் எல்லாவற்றையும் பார்த்தது. போர் முடிந்த பிறகும் கொஞ்சக் காலம் அப்படித்தான் இருந்தது. பிறகு திட்டங்கள் ஒவ்வொன்றாக முடிந்தன. 2010 இறுதியில் சர்வதேச செஞ்சிலுவைக் குழுவிடமே யாழ்ப்பாண அலுவலகத்தை மூடும்படி அரசு கேட்டது. வாகனங்கள் போயின, பெயர்ப்பலகைகள் துருப்பிடித்தன. 'என்.ஜி.ஓ. என்றால் சம்பளம் அடிக்கிறவர்கள்' என்ற பேச்சு மட்டும் ஊரில் நிலைத்துவிட்டது. அந்தக் காலத்து மேலதிகாரியின் சம்பளத்தை நினைத்துக்கொண்டு, இன்றைக்கு எங்கள் இரவுப் பராமரிப்பாளரின் சம்பளத்தை மறுப்பது நியாயமா?

திருட்டு நடப்பதில்லை என்று நான் சொல்லவே மாட்டேன். நடக்கிறது. ஆனால் எப்படி நடக்கிறது என்பதை ஒரு வங்கிக்காரியாகச் சொல்கிறேன். சம்பளப் பட்டியலில் ஒளிந்து பணம் போவது அரிது. அதில் பெயர் இருக்கும், தொகை இருக்கும், சேமலாப நிதிக்குக் கட்டிய பற்றுச்சீட்டு இருக்கும். பணம் போவது தனிப்பட்ட வங்கிக் கணக்குகளின் வழியாகத்தான். யூடியூப்பில் ஓர் ஏழை வீட்டைக் காட்டி, கண்ணீரைக் கிட்டத்தில் காட்டி, கீழே சொந்தக் கணக்கு இலக்கத்தைப் போட்டு, 'நூறு வீதமும் பயனாளிக்கே' என்று எழுதுகிறார்களே, அங்கே பொதுச்சபை உண்டா? கணக்காய்வாளர் உண்டா? எவ்வளவு வந்தது என்று கேட்க ஒருவருக்காவது உரிமை உண்டா? நூறு வீதம் என்ற சொல்லைக் கேட்டதும் மனம் இளகிப் பணம் அனுப்பும் உறவுகள், முறையாகக் கணக்குக் காட்டுகிற ஓர் இல்லம் சம்பளச் செலவு என்று எழுதியதும் முகம் சுளிக்கிறார்கள். எனக்கு இதுதான் பெரிய மனவருத்தம்.

முறை என்று ஒன்று இருக்கிறது. 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டம் தன்னார்வ சமூக சேவை அமைப்புகளின் பதிவுக்கும் மேற்பார்வைக்கும் உரியது. மோசடி என்று தெரிந்தால் இடைக்கால நிர்வாக சபையை நியமிக்கவும் 1998இல் வந்த திருத்தம் இடம் தருகிறது. ஆனால் சட்டத்துக்கு வேலை வராமல் பார்ப்பது எங்கள் பொறுப்பு. காசோலையில் இரண்டு கையொப்பம் வேண்டும். காசோலையில் கையொப்பமிடுபவர் காசுப் புத்தகம் எழுதக்கூடாது. பற்றுச்சீட்டுப் புத்தகங்களுக்குத் தொடர் இலக்கம் இருக்க வேண்டும், கிழித்துப் பழுதான சீட்டும் புத்தகத்திலேயே இருக்க வேண்டும். வங்கிக் கூற்றையும் காசுப் புத்தகத்தையும் மாதம்தோறும் ஒப்பிட வேண்டும். ஆண்டுப் பொதுக்கூட்டம் ஆண்டுக்கு ஒரு தடவை உண்மையாகவே நடக்க வேண்டும். ஒரே தலைவர், ஒரே செயலாளர் என்று பத்துப் பதினைந்து வருடங்கள் இருந்துகொண்டு, வீட்டு விறாந்தையில் ஐந்து பேரைக் கூட்டி அறிக்கை எழுதும் சங்கங்கள் எங்கள் பகுதியில் இருக்கின்றன. அவை மாற வேண்டும்.

இவ்வளவையும் செய்ய, கணக்குத் தெரிந்த ஒருவர் தினமும் வந்து உட்கார வேண்டும். நன்கொடையாக வந்த பணத்தில் 3 வீதத்தை வருமானமாகக் கருதி வரி விதிக்கும் ஏற்பாடு 2017ஆம் ஆண்டின் உள்நாட்டு இறைவரிச் சட்டத்தில் அரசசார்பற்ற நிறுவனங்களுக்கு இருக்கிறது. இதைப் பற்றிக் கேள்விப்பட்டிராத நிர்வாகிகள் பலரை நான் சந்தித்திருக்கிறேன். ஒரு பக்கம் கணக்கு எங்கே என்று கேட்டு, மறுபக்கம் கணக்கு எழுதுபவருக்குச் சம்பளம் கொடுக்கக்கூடாது என்றால், கணக்கு எங்கிருந்து வரும்?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். படம் கேட்பதைக் குறைத்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டுக்கு முன்னால் முதியவர்களை எழுப்பி உட்கார வைத்து, கொடுப்பவரின் பெயர் போட்ட பதாகையைப் பிடிக்கச் சொல்ல வேண்டியிருக்கிறது. எங்கள் இல்லத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். அவர் படிப்பித்த பிள்ளைகள் இன்று உலகமெங்கும் இருக்கிறார்கள். பதாகை வரும் நாளில் அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் படுத்துவிடுவார். பதாகை பிடிப்பதை எங்கள் குழு இப்போது நிறுத்திவிட்டது. அதனால் சிலர் தங்கள் நாளை வேறு இல்லத்துக்கு மாற்றிக்கொண்டார்கள். மாற்றட்டும். படத்துக்குப் பதிலாகப் பற்றுச்சீட்டும் மாதக் கணக்கும் அனுப்புகிறோம். அது நல்ல அத்தாட்சி.

புலம்பெயர்ந்த உறவுகளிடம் நான் கேட்பது இதுதான். உங்கள் அம்மாவின் திவசத்துக்குச் சாப்பாடு கொடுங்கள், தாராளமாகக் கொடுங்கள். கொடுக்கும் தொகையில் மூன்றில் ஒரு பங்கைச் சம்பளக் கணக்குக்கு என்று எழுதி அனுப்புங்கள். முடிந்தவர்கள் சிறிய தொகையானாலும் மாதம்தோறும் நிலையான கட்டளையாக வங்கியில் கொடுத்துவிடுங்கள். அடுத்த மாதம் இவ்வளவு நிச்சயம் வரும் என்று தெரிந்தால்தான் ஒரு பெண்ணை நிரந்தரமாக வேலைக்கு எடுக்க எங்களால் முடியும். அனுப்புவதற்கு முன்னால் பதிவு இலக்கத்தையும் கடைசியாகக் கணக்காய்வு செய்த அறிக்கையையும் கேளுங்கள். தரத் தயங்கும் இடத்துக்கு, அது எங்கள் இல்லமாக இருந்தாலும், அனுப்பாதீர்கள்.

ஆசிரியரே, தங்களிடமும் ஒரு வேண்டுகோள். உலர் உணவுப் பொதி கொடுக்கும் படங்களுக்கு ஒதுக்கும் இடத்தில் கொஞ்சத்தை, மாதத்தில் ஒரு நாள், யாழ். மாவட்டத்துத் தொண்டு நிறுவனங்களின் ஆண்டு வரவு செலவுச் சுருக்கத்துக்கு ஒதுக்குங்கள். வரவு, செலவு, சம்பளம், மிகுதி என்று நான்கு வரி போதும். எங்கள் இல்லத்தின் கடந்த ஆண்டுக் கணக்காய்வு அறிக்கையை இக்கடிதத்துடன் இணைத்திருக்கிறேன். சம்பளம் பக்கம் 3இல் இருக்கிறது.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற வங்கி உத்தியோகத்தர்,
சுன்னாகம்.