உன் சிநேகிதன் பொங்கலுக்கு வரட்டும்

கோவில்பட்டி,
25.12.2025

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். "பொங்கலுக்கு அவனும் வரலாமா?" என்று நீ போனில் கேட்டதும் நான் பேசாமல் இருந்துவிட்டேன். வேண்டாம் என்று அர்த்தமில்லை. உனக்கு 33 வயதாகிறது. வீட்டுக்கு ஒருவரைக் கூட்டி வரட்டுமா என்று நீ கேட்டது இதுதான் முதல் தடவை. தொண்டை அடைத்துக்கொண்டது. நான் பேசாமல் இருந்தால் உனக்குக் குழம்பும் என்று தெரிந்தும் வாய் வரவில்லை. அதனால் எழுத்தில் சொல்கிறேன்: வரலாம். எத்தனை நாள் வேண்டுமானாலும் இருக்கட்டும் என்று எழுத வந்தேன், உனக்கு அப்படிச் சொன்னால் பிடிக்காது. 13ஆம் தேதி செவ்வாய் காலையிலிருந்து 17ஆம் தேதி சனி சாயங்காலம் வரை மாடி அறை அவனுக்கு.

இதைச் சொல்ல ஒரு போஸ்ட் கார்டு போதும். உனக்கும் அவனுக்கும் இருக்கிற ஆட்டிசத்தைப் புரிந்துகொள்ள எனக்கு இத்தனை வருஷம் ஆயிற்று. அதனால் மற்றது எனக்காக எழுதுகிறேன்.

நீ இரண்டாம் வகுப்புப் படிக்கும்போது பக்கத்து வளவுப் பிள்ளைகளை விளையாட வரச் சொல்லி, வருகிற ஒவ்வொருவருக்கும் ஒரு கடலைமிட்டாய் கொடுத்தேன். உனக்கு இது தெரியாது என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். உனக்குத் தெரியும், எத்தனை மிட்டாய் செலவாயிற்று என்பதுகூடத் தெரியும் என்று பின்னால்தான் தெரிந்தது. அவர்கள் மிட்டாயை வாங்கிக்கொண்டு பத்து நிமிஷத்தில் தெருவுக்கு ஓடிவிடுவார்கள். நீ திண்ணையில் தீப்பெட்டி லேபிள்களைப் பரப்பி நிறவாரியாக அடுக்கிக்கொண்டிருப்பாய். அந்த லேபிள்களை நான் சின்ன வயதில் கூலிக்கு ஒட்டியிருக்கிறேன். பசை காய்ந்த விரலோடு பள்ளிக்கூடம் போயிருக்கிறேன். ஒரு நாளும் அவற்றில் என்ன படம் இருக்கிறது என்று பார்த்ததில்லை. நீதான் காட்டினாய். ஆனால் அன்றைக்கு எனக்கு உன் லேபிள் கண்ணில் படவில்லை, பக்கத்தில் பிள்ளைகள் இல்லாததுதான் பட்டது.

பிறகு உனக்குப் பேச்சுப் பழக்கினேன். யாரைப் பார்த்தாலும் முகத்தைப் பார்க்கணும், "சாப்பிட்டாச்சா?" என்று கேட்கணும். கண்ணைப் பார்க்க முடியாமல் நீ புருவத்தைப் பார்க்கக் கற்றுக்கொண்டாய். ஒரு துஷ்டி வீட்டில், புருஷனை இழந்து உட்கார்ந்திருந்த அந்த அம்மாளிடம் நேரே போய் "சாப்பிட்டாச்சா?" என்றாய். நான் உன் தொடையில் கிள்ளினேன். காலையிலிருந்து அவளை அப்படிக் கேட்டவர் அங்கே ஒருவரும் இல்லை என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. கிள்ளினது கிள்ளினதுதான்.

போன ஆடியில் உன் அறையில் வந்து தங்கினேனே, அந்தச் சனிக்கிழமையைச் சொல்கிறேன். உன் சிநேகிதன் வந்தான். எனக்கு வணக்கம்கூடச் சொல்லவில்லை. நீ லேபிள் ஆல்பத்தை எடுத்துக்கொண்டாய், அவன் பையிலிருந்து பஸ் நம்பர் நோட்டை எடுத்துக்கொண்டான். முதுகுக்கு முதுகு காட்டித் தரையில் உட்கார்ந்தீர்கள். 29சி பெரம்பூரிலிருந்து பெசன்ட் நகர் போகும் வழியை அவன் நிறுத்தம் நிறுத்தமாகச் சொன்னான், நீ தலையைத் தூக்கவில்லை. அப்புறம் ஒரு மணி நேரம் சத்தமே இல்லை. சண்டை போட்டிருக்கிறார்களோ என்று நான் அடுப்படியிலிருந்து எட்டி எட்டிப் பார்த்தேன். மூன்று மணி நேரம் கழித்து அவன் எழுந்து "போறேன்" என்றான். நீ "சரி" என்றாய். அவ்வளவுதான்.

வந்த மனுஷனை வாசல் வரைக்கும் போய் வழியனுப்பத் தெரியாதா என்று நான் கத்தினேன். நீ சொன்னாய்: "அவன் படியை எண்ணிக்கிட்டே இறங்குவாம்மா. பின்னால யாராவது நின்னா எண்ணிக்கை தப்பிடும்." ராத்திரி படுக்கப்போகும்போது, அவன் சொன்ன நிறுத்தங்களை ஒன்று விடாமல் வரிசையாக எனக்குச் சொன்னாய். நீ கேட்கவே இல்லை என்றல்லவா நான் நினைத்திருந்தேன்.

அதற்குப் பிறகுதான் ஆட்டிசம் பற்றி நீ அச்செடுத்து அனுப்பியிருந்த தாள்களை உட்கார்ந்து படித்தேன். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ரிட்டயரான டீச்சருக்கு வேறென்ன வேலை. ஜிம் சின்க்ளேர் 1993இல் கனடாவில் டொராண்டோ ஆட்டிசம் மாநாட்டில் பெற்றோரைப் பார்த்துப் பேசியதைப் படித்தபோது புத்தகத்தை மூடுவதுபோல் தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். தானும் ஆட்டிசம் உள்ளவராக நின்று, நீங்கள் எதிர்பார்த்த பிள்ளை வரவில்லை என்று வேண்டுமானால் அழுதுகொள்ளுங்கள், ஆனால் எதிரே உயிரோடு நிற்கிற எங்களை வைத்து இழவு கொண்டாடாதீர்கள் என்கிற பொருளில் அவர் பேசியிருக்கிறார். அப்போது உனக்கு ஒரு வயது. ஆட்டிசம் என்ற சொல்லே நம் தெருவுக்கு வந்திருக்கவில்லை. வந்தபிறகும் பத்திரிகைகள் அதற்கு "மதியிறுக்கம்" என்று பேர் வைத்தன. மதி எங்கே இறுகிக் கிடக்கிறது என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

1992இல் சின்க்ளேரும் சிலரும் தங்களுக்கென்று ஒரு கூட்டமைப்பு தொடங்கியிருக்கிறார்கள். 1996இல் நியூயார்க் மாநிலத்தில் ஒரு முகாம் நடத்தினார்கள், 'ஆட்ரீட்' என்று பேர். எனக்கு அதில் பிடித்தது அந்த அட்டைதான். கழுத்தில் மாட்டிக்கொள்ளும் அட்டையில் சிவப்பைக் காட்டினால் யாரும் என்னிடம் பேச வேண்டாம். மஞ்சளைக் காட்டினால் நான் ஏற்கனவே சம்மதம் சொன்னவர்கள் மட்டும் பேசலாம். பேச ஆசை, ஆரம்பிக்கத்தான் வரவில்லை என்பவர்களுக்குப் பச்சையைப் பின்னால் சேர்த்திருக்கிறார்கள். கைதட்டல் சத்தம் வேண்டாமென்று கையைக் காற்றில் உதறிப் பாராட்டுவார்களாம். நீ சந்தோஷத்தில் கையை உதறும்போதெல்லாம் பிடித்து மடியில் வைத்து அழுத்தியவள் நான். அங்கே ஒரு மண்டபமே உதறியிருக்கிறது.

இங்கிலாந்து ஆய்வாளர் டேமியன் மில்டன் 2012இல் எழுதியதை மூன்று தடவை படித்தேன். அவரும் ஆட்டிசம் உள்ளவர், ஆட்டிசம் உள்ள பையனுக்குத் தகப்பன். புரியாமை ஒரு பக்கத்துக் குறையில்லை, உங்களை எங்களுக்குப் புரியாத மாதிரியே எங்களை உங்களுக்கும் புரியவில்லை என்கிறார். எடின்பரோ பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். நான் ஒன்றாம் வகுப்பில் விளையாட வைப்பேனே, ஒரு காதில் சொன்னதைக் கடைசிக் காதுவரை கடத்துகிற ஆட்டம், அதேதான். எட்டெட்டுப் பேராக 72 பேர். ஆட்டிசம் உள்ளவர்கள் மட்டும் இருந்த வரிசையில் கதை மற்றவர்கள் வரிசையைப் போலவே நன்றாகப் போய்ச் சேர்ந்தது. இரண்டும் கலந்த வரிசையில்தான் அதிகம் உதிர்ந்தது. இது 2020இல் வந்தது. இந்த வருஷம் 311 பேரை வைத்துச் செய்ததில் கலந்த வரிசையும் சமமாகவே வந்துவிட்டது என்று நீயே ஓரத்தில் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறாய். மெய்ப்புப் பார்க்கிறவன் புத்தி! எனக்கு இரண்டும் சம்மதம். உங்களுக்குள் பேச்சு போய்ச் சேராது என்று எதிலும் வரவில்லையே.

அதற்காக நீங்கள் இருவரும் ஒட்டிப் பிறந்தவர்கள் என்று நான் எண்ணிக்கொள்ளவில்லை. அவன் ஓயாமல் முனகுவான், உனக்கு அந்தச் சத்தம் ஆகாது. உன்னைக் கேட்காமல் ஆல்பத்தில் ஒரு பக்கத்தை மாற்றி வைத்துவிட்டான் என்று மூன்று மாதம் அவனை வரவிடவில்லை. பிறகு "நீ ஆல்பத்தைத் தொட்டது தப்பு. மற்றதெல்லாம் சரி" என்று எழுதி அனுப்பினாய். அவன் "சரி" என்று பதில் போட்டான். அடுத்த சனிக்கிழமை வந்தான், முனகலுக்கு மட்டும் பால்கனி. உன் சித்தியும் நானும் ஒரு கல்யாணப் பட்டுக்காக நான்கு வருஷமாகப் பேசுவதில்லை. எங்கள் இருவருக்கும்தான் ஊரில் நன்றாகப் பழகத் தெரிந்தவர்கள் என்று பேர்.

சரி, பொங்கல் விஷயத்துக்கு வருகிறேன். மாடி அறைக் கொண்டியில் தொங்கவிட மூன்று துண்டு வாங்கியிருக்கிறேன், சிவப்பு, மஞ்சள், பச்சை. அர்த்தம் அவனுக்குத் தெரிந்திருக்கும். உன் அத்தையிடம் சொல்லியாயிற்று, சிவப்புத் துண்டு கிடந்தால் காப்பி கொடுக்கக்கூடக் கதவைத் தட்டக் கூடாது. "இதென்ன, ரயிலுக்குக் கொடி காட்டுற மாதிரி" என்கிறாள். கேட்டுக்கொள்வாள்.

15ஆம் தேதி வியாழன் காலை ஏழு மணி வாக்கில் பானை பொங்கும். குலவை போடுவார்கள், அதை நிறுத்தச் சொல்ல என்னால் ஆகாது. பால் விளிம்புக்கு ஏறும்போதே உன் போனுக்கு ஒரு மணி அடிக்கிறேன், காதைப் பொத்திக்கொள்ள நேரம் இருக்கும். தெருமுனைக் கோயிலில் ஒலிபெருக்கிக் குழாய் கட்டுவார்கள். மாடி அறையின் கிழக்கு ஜன்னலைச் சாத்தினால் பாதி குறையும், நான் போய் நின்று பார்த்துவிட்டேன். சாதமும் காயும் ஒன்றையொன்று தொட்டால் அவன் சாப்பிட மாட்டான் என்றாயே, அறை பிரித்த தட்டு கடையில் நான்கு குழியிலும் ஐந்து குழியிலும் இருக்கிறது. எது வேண்டும் என்று கேட்டு எழுது. வாசலில் நின்று யாரும் வரவேற்க மாட்டோம், கதவு திறந்திருக்கும்.

இன்னொன்று. நம் மாடிப்படி 17. கடைசிப் படி மட்டும் மற்றதைவிட உயரம் கூடுதல். அவனிடம் முன்கூட்டியே சொல்லிவிடு.

அன்புடன்,
அம்மா