பப்ஸ் லைனும் ரோட்டரி ஓவனும் சரியாக வேலை செய்யாதது குறித்த புகார்

அனுப்புநர்
உற்பத்தி மற்றும் பராமரிப்புப் பிரிவு,
(பேக்கரியின் பெயர், முகவரி விலைச்சீட்டில் உள்ளபடி)
கோயம்புத்தூர் மாவட்டம்.

பெறுநர்
சர்வீஸ் பிரிவு மேலாளர் அவர்கள்,
(இயந்திரம் வழங்கிய நிறுவனம்)

பொருள்: தாங்கள் நிறுவிய தானியங்கி பப்ஸ் லைன் (மாவைத் தேய்த்து, வெட்டி, மடிக்கும் இயந்திர வரிசை), 18 ட்ரே டீசல் ரோட்டரி ஓவன் (ட்ராலியைச் சுழற்றிச் சுடும் அடுப்பு) ஆகியவற்றின் குறைகளை உத்தரவாதக் காலத்துக்குள் சரிசெய்து தரக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தங்களிடம் வாங்கிய லைனில் ஓடி, தங்கள் ஓவனில் வேகும் பப்ஸ் ஒரு பக்கம் தூக்கி மறுபக்கம் அமுங்கி வருகிறது. உள்ளே அடுக்கு பிரிவதில்லை. கீழ் ட்ரேக்களில் எண்ணெய் தேங்கி நிற்கிறது. வந்து பார்த்த தங்கள் சர்வீஸ் ஆட்கள் மைதா, மார்ஜரின், அறைச் சூடு, வோல்டேஜ் என்று இந்த நான்கில் ஒன்றைக் காரணமாக எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போகிறார்கள். நான்குமே காரணமில்லை என்பதற்கான அளவுகளும், உண்மையான காரணங்கள் எங்கே இருக்கின்றன என்பதும் இக்கடிதத்தில் உள்ளன. சர்வீஸ் பிரிவோடு நிற்காமல் தங்கள் டிசைன் பிரிவும் இதைப் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

முதலில் மாவு. ஒரு தடவை பிசையும் மாவுக்கு (ஒரு பேச்) மைதா 25 கிலோ, ஐஸ் தண்ணீர் 13 லிட்டர், உப்பு 400 கிராம், மாவில் சேரும் கொழுப்பு 1.5 கிலோ, அடுக்குக்கு வைக்கும் மார்ஜரின் 15 கிலோ. பிசைந்து இறக்கும்போது மாவின் சூடு 18 முதல் 20 டிகிரி. அந்த மாவை நான்கு கட்டியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் 3.75 கிலோ மார்ஜரின் வைத்து மூடி, மூன்றாக, நான்காக, மூன்றாக, நான்காக என்ற வரிசையில் மடிப்பு போடுகிறோம். மடிப்புகளுக்கு இடையில் குளிர் அறையில் ஓய்வு உண்டு. பெருக்கினால் 144 மார்ஜரின் அடுக்கு. 3 மி.மீ. கனத்துக்குத் தேய்த்த தகட்டில் ஒரு மாவு அடுக்கு ஏறக்குறைய 0.014 மி.மீ., ஒரு மார்ஜரின் அடுக்கு அதில் பாதி. இவ்வளவு மெல்லிய அடுக்கை உடையாமல் கொண்டுபோவதற்காகத்தான் இந்த இயந்திரத்தை வாங்கினோம்.

மார்ஜரினைப் பற்றித் தங்கள் ஆள் எழுதியதற்குத் தனியாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. "பழைய மாதிரி கெட்டி மார்ஜரின் போடுங்கள், சரியாகிவிடும்" என்று எழுதியிருக்கிறார். சமையல் எண்ணெய், கொழுப்பு வகைகளில் டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) விதி 2022 ஜனவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. பழைய சரக்கைத் தேடிப் போக முடியாது, போகவும் மாட்டோம். இன்றைய மார்ஜரின் குளிர்ந்தால் சீக்கிரம் நொறுங்கும், சூடேறினால் சீக்கிரம் இளகும். வளைந்து கொடுக்கும் சூட்டின் எல்லை குறுகியது. அதனால்தான் தேய்க்கும் அறையை 20 டிகிரியில் வைத்து, மார்ஜரினை 16 முதல் 18 டிகிரிக்குள் எடுத்து, மாவும் மார்ஜரினும் விரலால் அழுத்தினால் ஒரே பதத்தில் இருக்கும்போது மூடுகிறோம். 2022-க்குப் பிறகு விற்கும் இயந்திரம் இந்தக் கொழுப்புக்கு ஏற்றபடி ஓட வேண்டும்.

வோல்டேஜ் பேனலில் பதிவாகிறது. வேலை நேரத்தில் 405 வோல்ட்டுக்குக் கீழும் 420 வோல்ட்டுக்கு மேலும் போகவில்லை. இதற்கு மேல் அதில் பேச ஒன்றுமில்லை.

லைன் தவறா, ஓவன் தவறா என்று பிரித்துப் பார்க்க ஒரே பேச் மாவை நான்காகப் பிரித்துச் சுட்டோம். நான்கிலும் ஒரே எடை, ஒரே மசாலா. பேக்கரி மாஸ்டர் கையால் தேய்த்து, பழைய டெக் ஓவனில் (ட்ரேக்களை அசையாத தளத்தில் வைத்துச் சுடும் அடுப்பு) வைத்த பப்ஸ் சராசரி 45 மி.மீ. உயரம் எழும்பியது. தங்கள் லைனில் தேய்த்து டெக் ஓவனில் வைத்தது 33. கையால் தேய்த்துத் தங்கள் ரோட்டரி ஓவனில் வைத்தது 34. தங்கள் லைன், தங்கள் ஓவன் இரண்டிலும் போனது 22. மாவோ மார்ஜரினோ கெட்டிருந்தால் நான்குமே படுத்திருக்க வேண்டும். லைனில் ஒரு குறை, ஓவனில் ஒரு குறை, இரண்டும் சேரும்போது பாதி உயரம் போகிறது.

லைனில் முதல் குறை, கடைசி ரோலரின் இடைவெளி. திரையில் 3.0 மி.மீ. வைத்து ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) அளந்தால் ஆபரேட்டர் நிற்கும் பக்கம் 2.8, மோட்டார் பக்கம் 3.2. ஓடும் தகட்டின் இடம், நடு, வலம் மூன்றிலும் 10 செ.மீ. சதுரம் வெட்டி எடை போட்டால் 31, 33, 36 கிராம். மெல்லிய பக்கத்தில் அடுக்குகள் ஒன்றோடொன்று நசுங்கி ஒட்டுகின்றன; கனத்த பக்கம் உள்ளே வேகாமல் நிற்கிறது. ஒரே ட்ரேயில் ஒன்று கருகி அடுத்தது வெளுத்திருப்பதற்குக் காரணம் இதுதான். ரோலரை ஏற்றி இறக்கும் இரண்டு ஸ்க்ரூக்களையும் இணைக்கும் செயின் ஒரு பல் தள்ளி மாட்டப்பட்டிருக்கிறது என்பது எங்கள் முடிவு. வித்தியாசம் எல்லா இடைவெளியிலும் அதே 0.4 மி.மீ. ஆக நிற்கிறது, பேரிங் தேய்மானமாக இருந்தால் மாவு ஏறும்போது கூடிக் குறைந்திருக்கும். செயினைக் கழற்றி, இரண்டு பக்கமும் சமமாக்கி மாட்டுவது சிறிய வேலைதான். ஆனால் செயினை மறைக்கும் மூடியில் தங்கள் உத்தரவாத முத்திரை ஒட்டியிருக்கிறது. பிரித்தால் உத்தரவாதம் போகும் என்கிறீர்கள். பிரிக்க ஆளும் அனுப்புவதில்லை.

இரண்டாவது, ஷீட்டரின் (மாவுக் கட்டியைப் படிப்படியாகத் தகடாகத் தேய்க்கும் பகுதி) தானியங்கி நிரல். 40 மி.மீ. கட்டியை அது 22, 10, 5 என்று மூன்றே பாய்ச்சலில் இறக்குகிறது. ஒவ்வொரு தடவையும் ஏறக்குறைய பாதிக் கனம் போகிறது. அடுக்கு மாவில் முதல் சில ஓட்டங்கள் மென்மையாக இருக்க வேண்டும்: 40, 32, 25, 19, 14, 10, 7, 5 என்று இறங்கினால் மார்ஜரின் மாவோடு சேர்ந்து நீளும். அவசரப்படுத்தினால் மார்ஜரின் உடைந்து தீவு தீவாக நிற்கும். இடையில் மாவும் மாவும் நேராக ஒட்டிவிடும். ஒட்டிய அடுக்கை எந்த ஓவனாலும் பிரிக்க முடியாது. தகட்டை வெட்டி வெளிச்சத்தில் பிடித்தால் இந்தத் திட்டுகள் கண்ணுக்கே தெரிகின்றன, படம் இணைத்திருக்கிறோம். இதை மாற்ற லைனை இயக்கும் கணினிக் கட்டுப்பாட்டுப் பெட்டியான பி.எல்.சி.யில் எட்டு எண்களைப் பதித்தால் போதும். அதற்கான பாஸ்வேர்டைத் தர மறுக்கிறீர்கள். முழு விலை கொடுத்து வாங்கிய இயந்திரத்தில் தன் மாவுக்கு ஏற்ற இறக்கத்தைப் பேக்கரிக்காரர் தானே வைத்துக்கொள்ள முடியாது என்பதை எங்களால் ஏற்க முடியவில்லை. இந்தக் கடிதத்தில் எங்களுக்கு மிகவும் மனவருத்தம் தரும் பகுதி இது.

மூன்றாவது, பெல்ட் வேகம். அகலம் மாறாமல் 6 மி.மீ. தகடு 3 ஆகும்போது நீளம் இரட்டிக்கும். வெளியேறும் பெல்ட் உள்ளே வரும் பெல்ட்டைப் போல இரண்டு மடங்கு ஓட வேண்டும். தங்கள் லைனில் இந்த விகிதம் 2 என்று நிலையாகப் பூட்டப்பட்டிருக்கிறது. ஷீட்டரிலிருந்து வரும் தகடு 5 மி.மீ. என்பதால் தேவை 1.67 தான். மீதி வேகம் முழுவதும் மாவை இழுக்கிறது. இழுபட்ட மாவு வெட்டியதும் சுருங்கும்: 100 மி.மீ. சதுரம் மசாலா விழும் இடத்துக்கு வருவதற்குள் ஓட்டத்தின் திசையில் 92 ஆகிவிடுகிறது. மடிப்புத் தகடு ஓரங்களைச் சேர்க்கும்போது விளிம்பு பொருந்துவதில்லை. முட்டை பப்ஸில் பாதி முட்டை வெளியே எட்டிப் பார்க்கிறது. வெஜ் பப்ஸில் மசாலா ட்ரேயில் ஒழுகிக் கருகுகிறது. ரோலருக்கும் கட்டருக்கும் நடுவே மாவு தளர்வதற்காகச் சற்று மெதுவாக ஓடும் ஒரு பெல்ட் பகுதி தங்கள் விலைப்புள்ளியோடு வந்த வரைபடத்தில் இருக்கிறது. வந்த இயந்திரத்தில் இல்லை. அதைக் கொடுக்க வேண்டும். மாவின் தொய்வைப் பார்த்து வேகத்தைத் திருத்தும் சென்சாரும் அதே வரைபடத்தில் உள்ளது. பேனலில் அதற்கான ஒயர் மட்டும் வெறுமனே தொங்குகிறது.

கட்டர் பிளேடைப் பற்றிச் சுருக்கமாக: வந்த பிளேடின் முனை மழுங்கல். மழுங்கிய பிளேடு வெட்டுவதில்லை, ஓரத்தை அழுத்தி அடைக்கிறது. அடைத்த ஓரம் எழும்பாது. மெல்லிய, ஒருபக்கம் சாணை பிடித்த பிளேடு வேண்டும்.

இனி ஓவன். அடுக்கு எழும்புவது முதல் சில நிமிடங்களில். மாவிலிருக்கும் தண்ணீர் ஆவியாகி, உருகிய மார்ஜரின் அந்த ஆவியை அடுக்குக்குள் பிடித்து வைக்க, மாவு தூக்கி நின்று அப்படியே இறுக வேண்டும். சூடு மெதுவாக ஏறினால் ஆவி உருவாகும் முன்பே மார்ஜரின் உருகி வழிந்துவிடும். ட்ராலியில் 18 ட்ரே, ட்ரேக்கு 24 பப்ஸ், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 80 கிராம். 34 கிலோவுக்கு மேல் குளிர்ந்த சரக்கு ஒரே நேரத்தில் உள்ளே போகிறது. அதைத் தாங்கும் சூடு ஓவனில் இருக்க வேண்டும்.

210 டிகிரி வைத்து ட்ராலியை ஏற்றியதும் தங்கள் திரை 3 நிமிடத்தில் 210-ஐக் காட்டுகிறது. நாங்கள் ட்ரேக்களுக்கு நடுவே தனியாக வைத்த தெர்மோகப்புளில் (சூடு அளக்கும் கம்பி) அதே சூடு நடு ட்ரேக்கு வர 9 நிமிடம் ஆகிறது. தங்கள் சென்சார், பர்னரின் சூட்டைக் காற்றுக்கு மாற்றும் ஹீட் எக்ஸ்சேஞ்சரை ஒட்டிய காற்றுக் குழாயில் இருப்பதுதான் காரணம். அது பர்னரின் சூட்டைப் படிக்கிறது, பப்ஸின் சூட்டை அல்ல. நிலைத்த பிறகும் மேல் ட்ரேயில் 222, நடுவில் 208, கீழே 186. ப்ளோயர் (காற்றைத் தள்ளும் விசிறி) எதிர்ப்பக்கம் சுற்றினாலும் காற்று குறைவாக வரும் என்பதால் அதை முதலிலேயே பார்த்தோம்: மோட்டார் மேல் உள்ள அம்புக்குறியின்படியே சுற்றுகிறது. சுவரில் காற்று வரும் துளைகளின் தகடுகள்தான் தவறு. கீழ்த் துளைகள் மேலே உள்ளவற்றைவிடக் குறுகலாக நிறுத்தப்பட்டு, போல்ட்டின் மேல் பெயின்ட் அடிக்கப்பட்டிருக்கிறது. ட்ராலி நிறைய ட்ரேயோடு காற்றைச் சமப்படுத்தும் வேலையை நிறுவிய அன்று யாரும் செய்யவில்லை. கதவின் அடி கேஸ்கெட்டும் (சூடு கசியாமல் அடைக்கும் பட்டை) தரையில் படாமல் நிற்கிறது.

பர்னரைக் கழற்றியபோது தெரிந்தது இது: டீசலைத் தெளிக்கும் நாசிலில் பொறித்திருக்கும் அளவு மணிக்கு 1.10 கேலன். 7 பார் அழுத்தத்தில் அது மணிக்கு 4.2 லிட்டர் டீசல். லிட்டருக்கு ஏறக்குறைய 10 கிலோவாட் மணி என்று வைத்தால் 42 கிலோவாட். ஓவனின் பெயர்ப்பலகையில் 55 கிலோவாட் என்று எழுதியிருக்கிறது. சொன்ன சூட்டில் ஏறக்குறைய கால் பங்கு இல்லை. டீசல் சிக்கனத்தைக் காட்டச் சின்ன நாசில் போடப்பட்டிருந்தால், அந்தச் சிக்கனம் முழுவதும் எங்கள் ட்ரேயில் எண்ணெயாகத் தேங்குகிறது. பெயர்ப்பலகைக்கு 1.50 நாசில் வேண்டும். நாசிலை மாற்றும்போது காற்று ஷட்டரையும் திருத்தி, புகை அளந்து காட்ட வேண்டும். இல்லையென்றால் ஹீட் எக்ஸ்சேஞ்சரில் கரி படியும்.

இன்னும் இரண்டு விஷயங்கள் காத்திருக்கக் கூடாதவை. கட்டரின் மூடியைத் திறந்தால் லைன் நிற்க வேண்டிய சுவிட்சை, அடிக்கடி நின்றுபோகிறது என்று தங்கள் ஆள் ஒயர் போட்டு நேராக இணைத்திருந்தார். அதை உடனே பழையபடி மாற்றிவிட்டோம். ஓடும் இயந்திரத்தின் ஆபத்தான பாகங்களுக்குத் தடுப்பு வேண்டும் என்பது தொழிற்சாலைப் பாதுகாப்பின் அடிப்படை விதி. கையை விடும் இடம் அது, பெண்கள் வேலை செய்யும் இடம் அது. இனி யாரும் இப்படிச் செய்யக் கூடாது என்று எழுத்தில் உத்தரவு வேண்டும். மற்றொன்று, ரோலர் பேரிங்கிலிருந்து கருப்பு கிரீஸ் பெல்ட்டில் சொட்டுகிறது. சீல் மாற்றி, உணவு இயந்திரத்துக்கு அனுமதித்த கிரீஸையே போட வேண்டும். அதுவரை அந்தப் பக்கத்து ஓரத்தை வெட்டி எறிந்துகொண்டிருக்கிறோம்.

ஆகவே: செயினைச் சமப்படுத்தி மூன்று இடத்திலும் எடை வித்தியாசம் 1 கிராமுக்குள் வர வேண்டும், நிரலைத் திருத்தும் பாஸ்வேர்டும் மின்வரைபடமும் கையில் வர வேண்டும், விடுபட்ட தளர்வுப் பகுதி, தொய்வு சென்சார், சரியான பிளேடு ஆகியவை செலவில்லாமல் பொருத்தப்பட வேண்டும், ஓவனில் நாசில், காற்றுத் தகடு, கேஸ்கெட், சென்சார் இடம் நான்கும் திருத்தப்பட்டு, நிறைந்த ட்ராலியில் மேல், நடு, கீழ் ட்ரேக்களின் வித்தியாசம் 8 டிகிரிக்குள் நிற்க வேண்டும். இவற்றை எங்கள் மாவில், எங்கள் முன்னால் ஓட்டிக் காட்ட வேண்டும். விலையில் நிறுத்தி வைத்துள்ள 10 சதவீதம் அந்த ஓட்டம் தேறிய அன்றே செலுத்தப்படும்.

எந்த வேலைக்கு என்று சொல்லி வாங்கினோமோ அந்த வேலைக்குப் பொருள் தகுதியாக இருக்க வேண்டும் என்பது 1930 சரக்கு விற்பனைச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு. ஆர்டரிலேயே "முட்டை பப்ஸ், வெஜ் பப்ஸ், 3 மி.மீ., மணிக்கு 2000" என்று எழுதியிருந்தோம். வழக்காக்கும் விருப்பம் எங்களுக்கு இல்லை; இயந்திரம் ஓட வேண்டும். மாலை 4 மணிக்கு டீக்கடைகளுக்குப் போக வேண்டிய சரக்கை இப்போது பழைய டெக் ஓவனிலும் கையாலும்தான் ஒப்பேற்றுகிறோம். மாஸ்டரும் உதவியாளர்களும் இரட்டை வேலை பார்க்கிறார்கள்.

ரோலர் செட்டிங், பர்னர் இரண்டும் தெரிந்த ஒருவரை, தேவையான பாகங்களோடு, இக்கடிதம் கிடைத்த 7 நாட்களுக்குள் அனுப்பி வைக்கவும். வரும் நாளை முன்னதாகச் சொன்னால் அன்று ஒரு பேச் மாவை மடிப்பு முடித்துக் குளிர் அறையில் தயாராக வைத்திருப்போம்.

இப்படிக்கு,
உற்பத்தி மற்றும் பராமரிப்புப் பிரிவு

இணைப்பு: மூன்று இட எடைத்தாள், தெர்மோகப்புள் பதிவு, நாசில் மற்றும் தகட்டின் படங்கள், விலைப்புள்ளி வரைபடத்தின் நகல், சர்வீஸ் தாள்களின் நகல்கள்.