தரையில் அளந்தால் போதுமா?

ஆசிரியருக்கு,

மூடுபனியில் ஓடுபாதைப் பார்வைத்தொலைவை, அதாவது ஓடுபாதை எவ்வளவு தூரம் வரை தெரியும் என்பதை, தரையிலிருந்து சுமார் 2.5 மீட்டர் உயரத்தில்தான் அளக்கிறார்கள். தரையிறங்கும் விமானி பார்ப்பதோ ஏறத்தாழ 3 டிகிரி சரிவில், மேலிருந்து கீழே. இடையில் தாழ்மேகம் நின்றால் தரையில் அளக்கும் கருவிக்குத் தெரியாது. லேசர் துடிப்பை அதே சரிவில் மேல்நோக்கி அனுப்பி, சிதறித் திரும்பும் ஒளியைத் தொலைவுவாரியாகப் பதிவுசெய்தால் ஒளி நலியும் வீதத்தைக் கணக்கிடலாம். அது மீட்டருக்கு 0.003 என்றால் பார்வைத்தொலைவு சுமார் 1,000 மீட்டர்.

அடர்பனியில் ஒளி பலமுறை சிதறுவதால் நலிவு குறைவாகத் தெரியும். பார்வைத்தொலைவு உள்ளதைவிடக் கூடுதலாக வரும். மிக ஆபத்தான பிழை இதுதான். கருவியின் கண்ணாடியில் படியும் தூசும் நீர்த்துளியும்கூடக் கணக்கைக் கெடுக்கும். ஆகவே தரைக்கருவியை அகற்றாமல், அதனோடு ஒப்பிட்டபடியே லேசரைப் பயன்படுத்த வேண்டும். விமானியை நோக்கிச் செல்லும் கதிர் என்பதால், விழித்திரையை எட்டாத 1.5 மைக்ரோமீட்டர் அலைநீளமே ஏற்றது.